நடுவில் ஐந்து, ஓரத்தில் ஆறு

ஜூன் 3, புதன்

அக்காவுக்கு,

முதலில் 'அன்புள்ள' என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

அப்பா அப்படியே இருக்கிறார். உன் கடிதங்கள் எப்போதும் அதைக் கேட்டுத்தான் தொடங்கும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடது கை வருகிறது, வலது கை வரவில்லை. பேச்சு பாதி புரிகிறது. இருபத்தொரு வருஷமாக இதே பதில்தான். நீயும் சலிக்காமல் கேட்கிறாய், நானும் சலிக்காமல் எழுதுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் எங்கள் அச்சகத்துக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வந்தது. கணக்கு என்றால் மற்ற புரூஃப் பார்ப்பவர்கள் எல்லாருக்கும் அன்றைக்குத் தலைவலி வந்துவிடும். என் மேஜைக்குத் தள்ளிவிட்டார்கள். நிகழ்தகவுப் பாடம், நூற்றுப் பதினெட்டாம் பக்கம், ஏழாவது கணக்கு. ஒரு கமாவைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன்:

"இரண்டு சகோதரிகள் இரண்டு பகடைகளை உருட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 5, 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றானால் மூத்தவள் வெற்றி. 2, 3, 4, 10, 11, 12 ஆகியவற்றுள் ஒன்றானால் இளையவள் வெற்றி. தனக்கு ஓர் எண் அதிகம் என்று இளையவள் மகிழ்கிறாள். (அ) ஒவ்வொருவரின் வெற்றி வாய்ப்பு என்ன? (ஆ) இந்த ஆட்டம் நியாயமானதா?"

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். பாடம் எழுதிய குழுவில் மூன்றாவது பெயர் உன்னுடையது.

அந்த மே மாதத்தை உனக்கு ஞாபகப்படுத்தவா? மஞ்சள் காமாலையில் உனக்கு ஒரு வருஷம் போனதால் இரண்டு பேரும் ஒன்றாகப் பள்ளி முடித்தோம். இரண்டு பேருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்தது. என் மார்க் உன்னைவிட இருபத்து மூன்று அதிகம் என்பதை நான் இதுவரை ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை, இப்போது எழுதுகிறேன். அப்பா பணிமனையில் ஒரு பஸ்ஸுக்கு அடியிலிருந்து எழுந்தவர் அப்படியே சாய்ந்தார். அம்மா போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒருத்தி படிக்கப் போகலாம், ஒருத்தி இருந்தாக வேண்டும்.

நம் வீட்டில் எந்தத் தகராறுக்கும் தீர்ப்பு சொன்னது அந்தச் சிவப்புப் பகடையும் வெள்ளைப் பகடையும்தான். ஜன்னலோரம் யார் படுப்பது, பாத்திரம் யார் கழுவுவது, எல்லாம் அப்படித்தான். அன்றைக்கும் எண்களைப் பிரித்தது நீதான். "நடுவுல இருக்கற அஞ்சும் எனக்கு. ஓரத்துல இருக்கற ஆறும் உனக்கு. ஒண்ணு கூடவே தரேன், நீ சின்னவ இல்ல?" என்றாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் கணக்கில் எழுதியிருக்கிறாயே, மகிழ்கிறாள் என்று, அது உண்மைதான். அதுதான் வயிற்றை எரிக்கிறது.

எட்டு விழுந்தது. "மூணே வருஷம், முடிச்சிட்டு வந்துடறேன், அப்புறம் நீ போ" என்றாய். சிவப்பு உன்னிடமும் வெள்ளை என்னிடமும் இருக்கட்டும் என்று பிரித்து எடுத்துக்கொண்டு போனாய். அதை நான் பாசம் என்று நினைத்தேன்.

புத்தகத்தின் விடைப் பக்கத்தையும் பார்த்தேன். (அ) மூத்தவள் 2/3, இளையவள் 1/3. (ஆ) இல்லை.

உனக்கு இது எப்போது தெரியும்? அதை மட்டும் எழுது. உடம்பு எப்படி, மழை எப்படி என்பதெல்லாம் வேண்டாம்.

சின்னவள்


ஜூன் 11, வியாழன்

அன்புள்ள சின்னவளுக்கு,

நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். ஆனாலும் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை, மன்னித்துவிடு.

அந்தப் புத்தகம் உங்கள் அச்சகத்துக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்ல வந்தேன். அதுவும் நல்லதற்கில்லை என்று இப்போது படுகிறது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கல்லூரியில் இரண்டாம் வருஷம் இந்தப் பாடம் வந்தது. பேராசிரியை கரும்பலகையில் முப்பத்தாறு கட்டம் போட்டார். சிவப்புக்கு மேலே ஆறு எண், வெள்ளைக்குப் பக்கத்தில் ஆறு எண். கட்டங்களை நிரப்ப நிரப்ப ஏழு ஆறு இடத்தில் வந்தது. இரண்டும் பன்னிரண்டும் மூலைக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தன. அன்றைக்கே உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், நம்பு. தபால் பெட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். இன்னும் ஒரு வருஷம்தானே, முடித்துவிட்டு நேரில் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. சொல்லும் நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

வேண்டுமென்று செய்வது வேறு, தெரியாமல் செய்வது வேறு. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும், நீயே சொல்.

வருஷா வருஷம் என் வகுப்பில் இந்தக் கணக்கைப் போடுவேன். கட்டம் நிரப்பி முடித்ததும் பிள்ளைகள், "டீச்சர், அக்கா தங்கச்சிய நல்லா ஏமாத்திட்டா!" என்று சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன். யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருந்தால் மனசு கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

விடுமுறையில் ஐந்து நாள் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன். நீ கொஞ்சம் வெளியே போய்விட்டு வா. நிரந்தரமாக அழைத்து வரலாம் என்றால் உனக்கே தெரியும், நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை.

அக்கா


ஜூன் 17, புதன்

அக்காவுக்கு,

உன் கடிதத்தில் இரண்டு இடத்தில் 'நினைத்தேன்' என்று வருகிறது. புரூஃப் பார்ப்பவளுக்கு இதெல்லாம் உடனே கண்ணில் குத்தும். நினைத்ததை எல்லாம் விட்டுவிட்டு நடந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால் உன் கடிதம் நாலு வரிதான் தேறும்.

ஐந்து நாள் வருகிறாயாம். ரொம்ப உபகாரம்.

உன் முப்பத்தாறு கட்டத்தை நானும் போட்டுப் பார்த்தேன். கழித்த புரூஃப் தாளின் பின்பக்கத்தில், மதிய இடைவேளையில். முதலில் இருபத்தொன்று என்றுதான் எண்ணினேன். ஒன்றும் நாலும், நாலும் ஒன்றும் ஒன்றுதானே என்று நினைத்தேன். அப்புறம் சிவப்பும் வெள்ளையும் ஞாபகம் வந்தது. சிவப்பில் ஒன்று, வெள்ளையில் நாலு என்பது ஒரு விஷயம். சிவப்பில் நாலு, வெள்ளையில் ஒன்று என்பது இன்னொரு விஷயம். அப்படி எண்ணினால் ஐந்துக்கு நாலு வழி, ஆறுக்கு ஐந்து, ஏழுக்கு ஆறு, எட்டுக்கு ஐந்து, ஒன்பதுக்கு நாலு. ஆக உனக்கு இருபத்து நாலு. ஓரத்தில் எனக்குக் கிடைத்த ஆறு எண்ணுக்கும் உள்ள வழிகளைக் கூட்டினால் பன்னிரண்டு. நான் ஜெயிப்பதைப் போல இரண்டு மடங்கு நீ ஜெயிப்பாய். தபால் பெட்டி வரை போய்த் திரும்பியவளே, இதைத்தான் பத்தொன்பது வருஷம் பைக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்தாயா? என் கையால் காபி வாங்கிக் குடித்தாயே, அது எப்படி இறங்கியது?

இன்னொன்றும் சொல்கிறேன். விடைப் பக்கத்தின் கடைசித் திருத்தம் என் கையில் இருக்கிறது. 2/3 என்பதில் ஒரு எண்ணைத் தட்டினால் ஊரில் உள்ள எல்லாப் பள்ளியிலும் உன் பெயருக்குக் கீழே தப்புக் கணக்கு நிற்கும். இதுவரை தொடவில்லை.

வேறொரு ஊரிலிருந்து ஒரு அச்சகம் என்னைத் தலைமைப் புரூஃப் பார்ப்பவராக அழைத்திருக்கிறது. ஜூலை பத்தாம் தேதி சேர வேண்டும். எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. இந்த வாய்ப்பு இன்னொரு தரம் வராது. நான் போக வேண்டும் என்றால் அப்பா உன் வீட்டுக்கு வர வேண்டும். இதில் கெஞ்சுவதாக இல்லை. நம் வீட்டு வழக்கப்படியே முடித்துக்கொள்வோம்.

ஜூலை ஐந்து, ஞாயிறு, காலை பத்து மணி. உன்னிடம் சிவப்பு இருக்கிறது, என்னிடம் வெள்ளை இருக்கிறது. அவரவர் பகடையை அவரவர் உருட்டி, விழுந்த எண்ணை எழுதி, மறுநாள் தபாலில் போட வேண்டும். கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போகும். இரண்டையும் கூட்டினால் தீர்ப்பு. யார் எண் விழுகிறதோ அவளுக்கு விடுதலை. மற்றவள் அப்பாவோடு இருக்க வேண்டும்.

இந்தத் தடவை நடுவில் இருக்கும் ஐந்தும் எனக்கு. ஓரத்தில் இருக்கும் ஆறும் உனக்கு. ஒன்று கூடவே தருகிறேன், நீ மூத்தவள் இல்லையா?

சின்னவள்


ஜூன் 24, புதன்

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதத்தை ஆசிரியர்கள் அறையில் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. பக்கத்தில் இருந்த அறிவியல் டீச்சர், "என்னங்க, வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டார். இல்லை, தங்கை கணக்கில் சந்தேகம் கேட்டிருக்கிறாள் என்றேன்.

அவர் நம்பாததால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டினேன். "பகடைய உருட்டியா அப்பாவ யாரு பாக்கறதுன்னு முடிவு பண்ணுவீங்க? ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார். அவருக்கு நம் வீடு புரியாது. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் முடிவு பண்ணினோம் என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை.

போன கடிதத்தில் உனக்கு ஒரு பொய் எழுதினேன். இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன். கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது என்று சொன்னேன் இல்லையா? முப்பத்தாறு கட்டம் அப்போதுதான் தெரியும். ஆனால் ஏழு அடிக்கடி விழும் என்பது பன்னிரண்டு வயதிலேயே எனக்குத் தெரியும். பாத்திரம் கழுவும் ஆட்டத்தில் நான் தோற்றுக்கொண்டே இருந்த ஒரு வாரத்தில், வரலாற்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் விழும் எண்களையெல்லாம் கோடு கோடாகப் போட்டு வைத்தேன். நடுவில் கோடு நிறைந்து வழிந்தது, ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றும் இருந்தது. காரணம் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து எண்களைப் பிரிப்பது நான்தான், கவனித்திருப்பாய். கவனித்திருக்க மாட்டாய், அதனால்தான் பாத்திரம் எப்போதும் உன் பக்கம் வந்தது.

அந்த மே மாதமும் தெரிந்தேதான் பிரித்தேன். படிக்கப் போகாவிட்டால் செத்துப்போவேன் என்று அப்போது தோன்றியது. உனக்கும் அப்படியே தோன்றியிருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

உன் ஆட்டத்துக்குச் சம்மதம். விடைப் பக்கத்தை மட்டும் ஒன்றும் செய்யாதே. எனக்காக இல்லை, படிக்கும் பிள்ளைகளுக்காக.

அக்கா


ஜூலை 6, திங்கள்

அன்புள்ள சின்னவளுக்கு,

நேற்றுக் காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் உருட்டினேன். என் வீட்டுக்காரரை வெளியே போகச் சொல்லிவிட்டேன். சிவப்பின் ஒரு மூலை தேய்ந்திருக்கிறது. நீ சின்ன வயதில் கடித்தது.

விழுந்தது ஒன்று.

நீயும் கணக்குப் போட்டிருப்பாய். என்னிடம் ஒன்று என்றால் உன் வெள்ளை எது விழுந்தாலும் கூட்டுத்தொகை இரண்டிலிருந்து ஏழுக்குள் நிற்கும். அதில் பாதி எனக்கு, பாதி உனக்கு. எனக்கு இதைவிட நல்ல எண் கிடையாது. ஆறு விழுந்தாலும் இதே பாதிதான். இருபத்தொரு வருஷம் கழித்தும் அந்தப் பகடை என் பக்கம்தான் நிற்கிறது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்று எழுத ஆசை. வந்தது. ஒரு கணம் வந்தது.

அப்புறம் இந்தத் தாளை எடுத்தேன். என் எண்ணாக நீ 'நான்கு' என்று வைத்துக்கொள். உன்னுடையது ஆறாக இருந்தால் மட்டும்தான் நான் தப்பிப்பேன். ஒன்றிலிருந்து ஐந்து வரை எது விழுந்திருந்தாலும் நீ கிளம்பலாம். உனக்கு ஆறில் ஐந்து.

அப்பாவை அனுப்பு என்று நேராகவே எழுதியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நானும் என்னைக் கேட்டேன். எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. முழுசாகக் கொடுக்க மனசு வரவில்லை சின்னவளே. ஆறில் ஒன்றை எனக்கென்று வைத்துக்கொண்டேன். நான் இவ்வளவுதான்.

அக்கா


ஜூலை 6, திங்கள்

அக்காவுக்கு,

நான் உருட்டவில்லை.

நேற்றுக் காலை பத்து மணிக்கு வெள்ளையைக் கையில் எடுத்தேன், திரும்பக் கீழே வைத்துவிட்டேன். உன் கணக்குப் புத்தகத்தை மூன்று தரம் புரூஃப் பார்த்தவள் நான். நிச்சயம் நடக்கும் நிகழ்ச்சியின் நிகழ்தகவு ஒன்று என்று நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறாய். நல்ல வரி. அடிக்கோடு இட்டுக்கொண்டேன்.

முப்பத்தாறில் இருபத்து நாலை எடுத்துக்கொண்டு நீ போனாய். எனக்கு இருபத்து நாலு போதாது. முப்பத்தாறையும் எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் அப்பா உன் வீட்டு வாசலில் இருப்பார். ஆம்புலன்ஸ் வண்டிக்குச் சொல்லியாயிற்று. எதிர்வீட்டு நர்ஸம்மா கூட வருகிறார். நாற்காலியோடு நாலு மாடி தூக்க உங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். படி உனக்கு ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியும். அந்தச் சாக்கையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், விட்டால் முதுகு புண்ணாகும். தண்ணீரை டம்ளரில் கொடுக்காதே, ஸ்பூனில் கொடு, புரையேறும். மாத்திரையைப் பொடி பண்ண வேண்டும். சவரம் செய்யும்போது வலது கன்னத்தில் உணர்ச்சி இல்லை, கீறினாலும் சொல்ல மாட்டார். செய்தி கேட்கும்போது குறுக்கே பேசினால் கோபம் வரும். இதையெல்லாம் நான் தனியாகக் கற்றுக்கொண்டேன். உனக்கு எழுதிக் கொடுக்க ஒருத்தி இருக்கிறாள், அதுவே அதிகம்.

அப்பாவிடம் சொல்லும்போது நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். "பெரியவ வீட்டுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "நீ?" என்றார். வேலைக்குப் போகிறேன் என்றேன். இடது கையை என் தலையில் வைத்தார். வாழ்த்தினாரா, தடுத்தாரா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு விரலுக்கு நகம் வெட்டவில்லை. நீ வெட்டிவிடு.

விடைப் பக்கத்தைத் தொடவில்லை. 2/3 அப்படியே இருக்கிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்தக் கணக்கைப் போட்டு முடித்து, நியாயமானதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதுவார்கள். அவர்கள் எழுத எழுத உனக்குக் காது கேட்கட்டும்.

வெள்ளையை அப்பாவின் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். எனக்கு இனிமேல் அது வேண்டாம். புது முகவரி உறையின் பின்னால் இருக்கிறது.

சின்னவள்


ஜூலை 12, ஞாயிறு

சின்னவளுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி நானும் அடித்திருக்கிறேன், பார். கோபத்தில் அடித்தேன். முதலில் கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் என் வாசலில் அப்பாவை இறக்கிவிட்டாயே என்று நாலு மாடிக்கும் கேட்கும்படி கத்தினேன். நாற்காலியில் இருந்தபடி அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதை இனி என்னால் திரும்ப எடுக்க முடியாது. நீ நினைத்ததைவிட நன்றாகவே பழி வாங்கிவிட்டாய்.

என் ஆறாம் தேதிக் கடிதத்தைப் பழைய வீட்டிலிருந்து உனக்குத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அதில் ஆறில் ஒன்றை எனக்கு வைத்துக்கொண்டதாக எழுதியிருந்தேன். நீ அதையும் எடுத்துக்கொண்டாய். எடுத்தது சரி என்று சொல்ல மாட்டேன். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

அப்பா என்னைச் 'சின்னவ' என்றுதான் கூப்பிடுகிறார். முதல் நாள் திருத்தினேன். "நான் பெரியவப்பா." தலையாட்டினார். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் "சின்னவ" என்றார். இப்போது திருத்துவதில்லை. இரண்டு விரல் நகத்தையும் வெட்டிவிட்டேன். ஒன்றில் கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. ரத்தம் வந்த பிறகும் அவர் கையை இழுக்கவில்லை. அது வலது கை என்பதை மறந்துபோனேன்.

இன்று காலை அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து மேஜையில் உருட்டினேன். இருபத்தொரு வருஷத்துக்குப் பிறகு இரண்டும் ஒன்றாக உருண்டன. வெள்ளையில் ஐந்து, சிவப்பில் ஆறு. பதினொன்று. முப்பத்தாறில் இரண்டே வழியில் விழும் எண். நீ பிரித்துக் கொடுத்தபடி அது ஓரத்து எண், என் எண். ஆட்டத்தில் நான்தான் ஜெயித்திருக்கிறேன். விதிப்படி எனக்கு விடுதலை.

உள்ளேயிருந்து "சின்னவ" என்று கூப்பிட்டார். வரேம்ப்பா என்று சொல்லிவிட்டு, ஸ்பூனை எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா